ரெசாபீபியின் கல்லறையும் கல்கத்தாவின் ஆர்மீனியரும்

கல்கத்தாவில் குடியேறிய சமூகங்களைப் பற்றி எழுதுவோர் ஆர்மீனியரிடம் வந்ததும் 1630 என்ற ஆண்டைத் தயக்கமின்றிக் குறித்துவிடுகிறார்கள். நகரின் நிறுவனராகக் கருதப்பட்டுவந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் சுதானுட்டியில் இறங்கிய 1690ஆம் ஆண்டுக்கு அறுபதாண்டு முந்தையது அது. இதற்கு அடிப்படை, படாபஜாரை ஒட்டிய ஆர்மீனிய நாசரேத் தேவாலய வளாகத்தில் கிடக்கும் ஒரே ஒரு கல்லறைக் கல். 1894இல் அதைக் கண்டறிந்து வாசித்தவர் மெஸ்ரோவ்ப் ஜேக்கப் சேத். 1937இல் வெளியான அவருடைய 'இந்தியாவில் ஆர்மீனியர்' நூல் வழியாக அந்த வாசிப்பு நிலைபெற்றது.

காலஞ்சென்ற தர்மவான் சுகியாசின் மனைவி ரெசாபீபி, 15ஆம் ஆண்டு நாகா மாதம் 21ஆம் நாள் இறந்தார் என்பதே கல்வெட்டின் சாரம். நாகா என்பது ஜுல்ஃபா ஆர்மீனியர் வழங்கிய அசாரியா நாட்காட்டியின் மாதம். அக்கணக்கு 1616இல் தொடங்குவதால் 15ஆம் ஆண்டு 1630 ஆகிறது. கணக்கில் பிழை இல்லை. அதிலிருந்து, சார்னாக்குக்கு முன்பே இங்கு ஆர்மீனியக் குடியிருப்பு இருந்தது என்ற முடிவுக்கு அவர் தாவுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

சேத்தின் வாதத்தில் வலுவான இடம் ஒன்று உண்டு. இறந்தவர் வணிகர் அல்லர், வணிகரின் விதவை. கணவரைத் 'தர்மவான்' என்று நினைவுகூர அவரை அறிந்தவர்கள் அருகில் இருந்திருக்க வேண்டும். ஆகவே இது வழிப்போக்கரின் கல்லறையாகத் தோன்றவில்லை. ஆனால் ஐயமும் இங்கேயே பிறக்கிறது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604–05இல் பழைய ஜுல்ஃபாவிலிருந்து பெயர்த்து இஸ்பஹான் அருகே புது ஜுல்ஃபாவில் குடியமர்த்திய ஆர்மீனிய வணிகர்கள், பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டே நெடும்பயணம் போனார்கள். புது ஜுல்ஃபா உருவாகிக் கால் நூற்றாண்டே ஆன நிலையில், அதன் குடும்பப் பெண் ஒருவர் வங்கத்துச் சதுப்புக் கரையில், அதுவும் கணவர் இறந்த பின்னும், தங்கியிருந்தார் என்றால் கூடுதல் சான்று வேண்டும். 1630இல் இப்பகுதியின் பெருந்துறைமுகம் ஆற்றின் மேற்புறத்தில் இருந்த ஹூக்ளி. போர்த்துகீசியர் கையில் இருந்த அதை ஷாஜகானின் படை 1632இல்தான் முற்றுகையிட்டது. ஆர்மீனியக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தால் அங்கே தங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

கல்லையும் கவனிக்க வேண்டும். கல்கத்தா வண்டல் மண். கல்லறைக்கான கல் படகிலோ கப்பலிலோதான் வந்தாக வேண்டும். சார்னாக்கின் கல்லறைக் கல்லே சென்னைப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறை வகை. அதை ஆராய்ந்துதான் டி. எச். ஹாலந்து 1893இல் அப்பாறைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். வெட்டிய கல் கடல் கடந்து வர முடியுமானால், எழுத்துப் பொறித்த கல் ஹூக்ளியிலிருந்து ஆற்றோடு இறங்கி வருவது அரிதன்று. பழைய இடுகாட்டின் மீதுதான் 1724இல் இன்றைய தேவாலயம் எழுந்தது. கட்டுமானத்தின்போது கற்கள் இடம் மாறியிருக்கலாம்.

இன்னொரு வாய்ப்பையும் முன்வைக்கிறேன். இது ஊகமே. ஆர்மீனிய மரபில் எண்களை எழுத்துகளால் குறிப்பர். 15க்கு இரண்டு எழுத்து. 115க்கு அவற்றின் முன் நூறைக் குறிக்கும் ஓர் எழுத்து கூடும். அந்த எழுத்து தேய்ந்திருந்தாலோ, பொறிக்காமல் விடப்பட்டிருந்தாலோ ஆண்டு 1730 ஆகும். அப்போது தேவாலயமும் இருந்தது, சமூகமும் இருந்தது. விதவையின் இருப்பு வியப்பளிக்காது. இதை மெய்ப்பிக்கக் கல்லின் எழுத்தமைதியை அக்காலத்துப் பிற ஆர்மீனியக் கல்லறைகளோடு ஒப்பிட வேண்டும். அதுவரை 1730ஐ நான் வலியுறுத்த மாட்டேன். 1630ஐ உறுதியாக ஏற்கவும் மாட்டேன்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்றுகள் அனைத்தும் பிந்தியவை. காசிம்பஜார் அருகே சைதாபாத்தில் ஆர்மீனியர் குடியேற ஔரங்கசீப் அனுமதி தந்தது 1665இல். லண்டனில் கோஜா பனோஸ் கலந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்தது 1688 ஜூன் 22. நாற்பது ஆர்மீனியர் குடியேறும் கம்பெனி ஊர்களில் தேவாலயம் கட்டித் தரப்படும் என்ற உறுதிமொழி அதையொட்டி வந்தது. 1698இல் சுதானுட்டி, கல்கத்தா, கோவிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் உரிமையைக் கம்பெனி பெற, இளவரசர் அசிமுஷ்ஷானிடம் பேசியவர்களுள் கோஜா இஸ்ரேல் சர்ஹாத் முக்கியமானவர். இந்நகரம் உருவானதில் ஆர்மீனியரின் பங்கை நிறுவ இவையே போதும். அதற்கு 1630 தேவையில்லை.

கல்கத்தாவுக்குப் பிறந்தநாளோ தனியொரு நிறுவனரோ இல்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்த பின், சார்னாக்கின் இடத்தில் ரெசாபீபியை அமர்த்தும் போக்கு வலுப்பெறக் கூடாது. அந்தக் கல் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. அதன் மைப்படியும் தெளிவான ஒளிப்படங்களும் எடுக்கப்பட்டு, ஆர்மீனியக் கல்வெட்டறிஞர்கள் வாசிப்பை மீண்டும் சரிபார்க்க வேண்டும். அதுவரை எழுதுவோர் 1630க்கு அருகில் ஒரு கேள்விக்குறி இடுவதே முறை.