ஹிர்காகொச்சா இருந்த இடம்

பெரு நாட்டு மேப்பில் முதன்முதலாக 'பல்காராஜு' என்று படித்தபோது, நம்ம ஊர் ராஜு யாரோ ஆண்டிஸ் மலையில் ஏறி உட்கார்ந்துவிட்டார் போல என்று சிரித்துக்கொண்டேன். அது ராஜு இல்லை, ராஹு. ஸ்பானியர்கள் 'ஜே' போட்டு எழுதினால் 'ஹ' என்று வாசிக்க வேண்டும். அன்காஷ் பகுதியின் கெச்சுவா மொழியில் ராஹு என்றால் பனிச்சிகரம்.

அந்த ஒரு சொல் பிடிபட்டதும் மற்றவையும் பேச ஆரம்பித்தன. பல்கா என்றால் கவை, இரண்டாகப் பிரிவது. கொச்சா என்றால் ஏரி. ஆக, மேலே பல்காராஹு, அதன் காலடியில் பல்காகொச்சா. பக்கத்துச் சிகரம் புகாரான்ரா: சிவந்த கற்காடு. வடக்கே யங்கானுகோ பள்ளத்தாக்கில் இரண்டு ஏரிகள், ஒன்றின் பெயர் பெண் ஏரி, மற்றது ஆண் ஏரி. மேப்காரர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 'லகுனா' சேர்த்துவிட்டார்கள். லகுனாவும் ஏரிதான். நாம 'நடுசென்டர்' என்கிறோமே, அது மாதிரி.

இந்தச் சொல் விளையாட்டு எனக்கு 1941 டிசம்பர் 13-இல் நின்றுபோனது. பனியாறு தள்ளிக் குவித்த மண்ணும் கல்லும்தான் பல்காகொச்சாவுக்குக் கரை. அன்று காலை அது உடைந்தது. கீழே பாய்ந்த வெள்ளம் வழியிலிருந்த ஹிர்காகொச்சாவின் கரையையும் அறுத்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு உவாராஸ் நகரத்துக்குள் புகுந்தது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஹிர்கா என்றால் மலை. அந்த மலை ஏரி திரும்ப நிரம்பவே இல்லை. இன்று அங்கே இருப்பது பெயர் மட்டும்.

கஹாமார்க்கா பக்கம் யானாகொச்சா, அதாவது கறுப்பு ஏரி, வேறு விதமாகப் போனது. 1993-இல் தொடங்கிய தங்கச் சுரங்கம் ஏரியை விழுங்கிவிட்டு அதன் பெயரை வைத்துக்கொண்டது. எனக்கு வெள்ளத்தைவிட இதுதான் ஆறவில்லை. வெள்ளம் யாருடைய பெயரையும் எடுத்து போர்டு மாட்டிக்கொள்வதில்லை.

பல்காகொச்சாவோ மறுபடி பெருத்துவிட்டது. மேலே பனி உருகுகிறது, கீழே நீர் ஏறுகிறது. உவாராஸ் விவசாயி ஒருவர், புவி சூடானதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று 2015-இல் ஜெர்மன் மின் நிறுவனமான ஆர்.டபிள்யூ.ஈ. மீது வழக்குப் போட்டார். 2025 மே மாதம் ஹாம் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கொள்கையளவில் இப்படிப்பட்ட நிறுவனங்களைப் பொறுப்பாக்கலாம், ஆனால் அவருடைய வீட்டுக்கு இருக்கும் ஆபத்து போதுமான அளவு இல்லை என்றது.

ஏரியின் மட்டம் ஏறிவிடாமல் இருக்க, கரையைத் தாண்டிப் போட்ட நீண்ட குழாய்கள் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன.