மெழுகுவர்த்தியோட வந்தா மன்னிப்பு: ஃப்ளோரன்ஸ் நகரின் யோவான் திருவிழா

போன எபிசோடுல இத்தாலிய நகரங்களோட சண்டைகளைப் பார்த்தோம். இன்னைக்கு ஒரு திருவிழா. ஆனா இதுலயும் சண்டை இருக்கு.

ஃப்ளோரன்ஸ் நகரத்தின் பாதுகாவலர் திருமுழுக்கு யோவான். அவருடைய பிறந்தநாள் ஜூன் 24. 1252இல் அந்த நகரம் தங்க ஃப்ளோரின் நாணயம் அடிச்சப்போ, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் யோவான். காசிலேயே சாமியை வச்சிருந்த ஊர்னா பார்த்துக்கோங்க.

பதினைந்தாம் நூற்றாண்டு தொடக்கத்துல கோரோ தாத்தி என்ற பட்டு வியாபாரி இந்த விழாவைப் பத்தி எழுதி வச்சிருக்கார். கடைக்காரங்க தங்களிடம் இருக்கிற உயர்ந்த சரக்கையெல்லாம் வெளியே பரப்பி வைப்பாங்க. பட்டு, நகை, ஜரிகைத் துணி. குதிரைப் பந்தயமும் உண்டு. ஜெயிச்சவருக்குக் கிடைப்பது ஒரு விலையுயர்ந்த கருஞ்சிவப்புத் துணி. அந்தத் துணிக்குப் பேரு பாலியோ. பந்தயத்துக்கும் அதே பேரு வந்துடுச்சு.

எனக்கு முக்கியமாப் படறது காணிக்கைதான். ஃப்ளோரன்ஸுக்கு அடங்கின ஊர்கள் ஒவ்வொரு வருஷமும் மெழுகும் துணியும் கொண்டுவந்து யோவான் கோயில்ல செலுத்தணும். 1406இல் பீசா தோத்துப்போன பிறகு, அந்தப் பெருமை பிடிச்ச துறைமுக நகரமும் இந்த வரிசையில நின்னுச்சு. பக்தின்னு பேரு, ஆனா உள்ளே இருந்தது கப்பம். யார் யாருக்குக் கீழேன்னு ஊரே பார்க்கிற மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினாங்க.

அதே கோயில்ல மனுஷங்களையும் காணிக்கையா செலுத்தினாங்க. கைதிகளை மெழுகுவர்த்தியோட ஊர்வலமா பலிபீடத்துக்குக் கூட்டிட்டுப் போய், யோவானுக்கு ஒப்படைச்சு விடுதலை பண்ணுவாங்க. நல்ல பழக்கம்தானேன்னு தோணும். இப்போ தாந்தேகிட்ட வருவோம்.

1302 ஜனவரியில் ஊழல் குற்றம் சாட்டி அவருக்கு 5000 ஃப்ளோரின் அபராதம் போட்டாங்க. அவர் கட்டல. மார்ச்ல தீர்ப்பு இன்னும் கடுமையாச்சு: சிக்கினா உயிரோட எரிக்கணும். பதிமூணு வருஷம் கழிச்சு, 1315இல், நகரம் மன்னிப்பு அறிவிச்சது. அபராதத்துல ஒரு பகுதியைக் கட்டணும், யோவான் கோயில்ல குற்றவாளிகளைப் போல காணிக்கையா நிக்கணும். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்.

அது அவர் திருமுழுக்கு பெற்ற கோயில். ஒருநாள் அதே தொட்டியருகே கவிஞனாக மகுடம் சூடணும்னு பிற்பாடு தன் காவியத்திலேயே ஆசைப்பட்டவர் அவர். அந்த இடத்துக்குத் தலைகுனிஞ்சு வரச் சொன்னாங்க.

ஃப்ளோரன்ஸில் இருந்த ஒரு நண்பருக்கு அவர் லத்தீனில் எழுதின பதில் கடிதம் நம்மகிட்ட இருக்கு. பொக்காச்சோ தன் கைப்பட நகல் எடுத்து வச்சதால பிழைச்சது. தப்பே செய்யாதவன், தப்பு செய்தவங்களுக்கே பணம் கட்டி மன்னிப்பு வாங்குறதா? கௌரவமான வேற வழி இருந்தா சொல்லுங்க, ஓடி வரேன், இது வேண்டாம். கடிதத்தின் சாரம் இதுதான்.

அவர் பிடிவாதக்காரர்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல. அந்த ஊர்வலம் எதுக்காக நடக்குதுன்னு உள்ளூர்க்காரரான அவருக்கு நல்லாத் தெரியும். அதுல நடந்தா குற்றத்தை ஒத்துக்கிட்டதாதான் அர்த்தம்.

அந்த வருஷக் கடைசியிலேயே மரணத் தீர்ப்பைத் திரும்ப உறுதி செஞ்சாங்க, இந்தத் தடவை அவருடைய மகன்களையும் சேர்த்து. 1321இல் ராவென்னாவில் இறந்தார். கல்லறை இன்னும் அங்கேதான் இருக்கு. ஃப்ளோரன்ஸ் மாநகர மன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்யத் தீர்மானம் போட்டது 2008இல். அதுவும் ஜூன் மாசம்தான்.