இரண்டாம் வரிசையும் இரண்டாம் தரமும்

1923ஆம் ஆண்டு ஸ்வீடனில் மார்கிட் நோர்டின் என்ற பெண் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கிக் கடந்தார். சாலென் பகுதியிலிருந்து காடுகள் வழியாக மோரா வரை செல்லும் அந்தப் போட்டிக்கு வாசலோப்பெட் என்று பெயர். அது தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பத்து மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு அவர் இலக்கை அடைந்தார். பெண்ணால் அவ்வளவு தூரம் போக முடியுமா என்ற கேள்விக்கு அவருடைய கால்களும் கைகளும் விடை சொல்லிவிட்டன.

விடை கிடைத்த மறுவருடமே தடை வந்தது. 1924இல் பெண்கள் அப்போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்றார்கள். 1981இல்தான் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் சில பெண்கள் ஆண் வேடமிட்டு ஓடினார்கள். ஆனால் அந்த விழாவில் பெண்ணுக்கென்று எப்போதும் ஓர் இடம் இருந்தது. வெற்றி பெற்ற ஆணின் கழுத்தில் மாலையிட, மரபுடை அணிந்த இளம்பெண் ஒருத்தி இலக்குக் கோட்டருகே நிற்பாள். மாலையோடு நிற்கலாம், ஓடத்தான் கூடாது. தடை நீங்கிய பிறகும் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட அனுமதிப்பது ஒன்று, ஓடியதைக் கணக்கில் வைப்பது வேறொன்று என்பதை அந்தப் பதினாறு ஆண்டுகள் காட்டுகின்றன.

கடல் கடந்து செல்லும் பயணத்தில் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் வரையறுத்திருப்பதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், பெண்ணுக்கான தூரத்தை எப்போதும் வேறு யாரோதான் அளக்கிறார்கள் என்று தோன்றும். நெடுந்தூரப் பனிச்சறுக்கின் வரலாற்றைப் படித்தபோதும் அதுவே தோன்றியது. மலையுச்சியிலிருந்து சரிந்து இறங்கும் பனிச்சறுக்கு அல்ல இது. ஒல்லியான இரண்டு பலகைகளைக் காலில் மாட்டி, இரு கோல்களை ஊன்றி, ஏற்றம், இறக்கம், சமவெளி எல்லாவற்றையும் சொந்த மூச்சால் கடப்பது. வட ஐரோப்பாவில் விறகுக்கும் வேட்டைக்கும் அடுத்த ஊருக்கும் போக மக்கள் பயன்படுத்திய வழி. வேலைக்காகப் பெண் பனியில் போனபோது யாரும் தூரம் அளக்கவில்லை. அது போட்டியாக மாறிய பிறகே அளவுகோல் வந்தது.

குளிர்கால ஒலிம்பிக் 1924இல் ஷாமொனியில் தொடங்கியபோது ஆண்களுக்கு 18 கி.மீ., 50 கி.மீ. என இரண்டு நெடுந்தூரப் போட்டிகள் இருந்தன. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1952இல் ஆஸ்லோவில் முதன்முறையாக 10 கி.மீ. கொடுத்தார்கள். இருபது பெண்கள் ஓடினார்கள். மூன்று பதக்கங்களையும் ஃபின்லாந்துப் பெண்களே வென்றார்கள். தங்கம் லிடியா வீட்மனுக்கு. வெண்கலம் வென்ற சீரி ரன்டனெனை எல்லோரும் 'அம்மா' என்றே அழைத்தார்கள். அவர் ஏற்கெனவே தாயாகியிருந்தார். கடும் உழைப்பு பெண்ணின் கருப்பையைக் கெடுக்கும் என்று மருத்துவத்தின் பெயரால் சொல்லப்பட்டுவந்த காலத்தில், ஒரு தாய் பதக்க மேடையில் நின்றிருந்தார்.

அதன் பிறகும் தூரம் ரேஷன் அரிசிபோல அளந்தே கொடுக்கப்பட்டது. 1964இல் ஒலிம்பிக்கில் 5 கி.மீ. சேர்க்கப்பட்டது. 20 கி.மீ. வந்தது 1984இல். அந்த ஆண்டு சரயேவோவில் ஃபின்லாந்தின் மர்யா-லீசா ஹாமலாய்னென் 5, 10, 20 என்ற மூன்று தனிநபர் போட்டிகளையும் வென்றார். 1992இல் 30 கி.மீ. வந்தது; இத்தாலியின் ஸ்டெஃபானியா பெல்மோண்டோ அதில் வென்றார். அதன்பின் அளவுகோல் முப்பது ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2018இல் நார்வேயின் மாரிட் பியோர்கன், 37 வயதில், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, அந்த 30 கி.மீட்டரை இரண்டாம் இடக்காரரைவிட ஏறக்குறைய 1 நிமிடம் 50 விநாடி முன்னதாக முடித்தார். அது அவருடைய பதினைந்தாவது ஒலிம்பிக் பதக்கம். ஆண்களுக்கு அப்போதும் 50 கி.மீ. இருந்தது. அவருக்கு இல்லை.

இந்த இடத்தில், அதிகம் பேசப்படாத ஒரு போட்டித் தொடரைப் பார்க்கலாம். உலகக் கோப்பைக்கு அடுத்த படியில், சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வட்டார அளவில் சில தொடர்களை நடத்துகிறது. மத்திய ஐரோப்பாவுக்கு ஒன்று, பால்கன் நாடுகளுக்கு ஒன்று, கிழக்காசியாவுக்கு ஒன்று எனப் பல. அவற்றில் வலுவானது ஸ்காண்டிநேவியன் கோப்பை. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்துடன் பால்டிக் நாடுகளிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். நார்வேயின் பெய்டோஸ்டோலன், ஃபின்லாந்தின் லாஹ்டி, எஸ்டோனியாவின் ஓட்டெப்பா போன்ற ஊர்களில் குளிர்காலத்தின் சில வார இறுதிகளில் போட்டிகள் நடக்கும். கூட்டமும் கேமராவும் குறைவு.

இங்கே ஓடுகிறவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நினைத்தால் தவறு. உலகக் கோப்பையில் ஒரு நாட்டிலிருந்து இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. நார்வே அணியில் இடம் கிடைக்காத பெண், வேறு பல நாடுகளின் முதல் வீராங்கனையைத் தோற்கடிக்கக்கூடியவர். அவருக்கான கதவு இந்தத் தொடர்தான். ஒவ்வொரு போட்டியிலும் வெற்றியாளரைவிட எவ்வளவு பின்தங்கினார் என்பதை வைத்து அவருக்குப் புள்ளி கணக்கிடப்படும். தொடரில் முன்னணியில் இருப்பவருக்கு, நாட்டு வரம்புக்கு வெளியே, உலகக் கோப்பையில் தனிப்பட்ட இடம் கிடைக்கும். தேர்வுக்குழுவின் தயவு இல்லாமல், விதியின் பலத்தில் மேலே ஏறலாம்.

இரண்டாம் வரிசை என்பது வேறு, இரண்டாம் தரம் என்பது வேறு. இரண்டாம் வரிசைக்கு ஒரு படி உண்டு. இன்று நான்காவதாக வந்தவள் நாளை முதலாவதாக வந்தால் மேலே போகலாம். இரண்டாம் தரத்துக்குப் படி கிடையாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் 1952இல் லிடியா வீட்மனால் 50 கி.மீ. போட்டிக்குள் நுழைந்திருக்க முடியாது. உலகின் முதல் வீராங்கனையாக இருந்தபோதும் அவர் நின்றது வேலிக்கு இந்தப் பக்கம். ஸ்காண்டிநேவியன் கோப்பையில் பதினைந்தாவதாக வரும் பெண்ணுக்கு இருக்கும் வாய்ப்பு, தூர விஷயத்தில், ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கு இருக்கவில்லை. பெண்களின் வேலை, படிப்பு, எழுத்து என எதைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேறுபாட்டை நாம் கேட்டுப் பார்க்கலாம்: நமக்குக் காட்டப்படுவது படியா, வேலியா?

2022 மே மாதம் கூட்டமைப்பின் நெடுந்தூரப் பிரிவுக் குழு, இருபாலருக்கும் ஒரே தூரம் என்று வாக்களித்தது. ஏகமனதாக அல்ல; வீராங்கனைகளிடையேகூடக் கருத்து வேறுபாடு இருந்தது. சமத்துவம் என்பது பெண்ணை ஆணின் அளவுக்கு நீட்டுவதாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்களின் 15 கி.மீ. 10 ஆகக் குறைந்தது. நடுவில் பலகையும் சறுக்கு முறையும் மாற்றும் போட்டியில் பெண்களின் 15, ஆண்களின் 30 இரண்டும் 20இல் சந்தித்தன. 50 கி.மீ. இருவருக்கும் பொதுவானது. 2023 மார்ச்சில், ஆண்கள் நூறாண்டுக்கும் மேலாக ஓடிய ஆஸ்லோவின் ஹோல்மென்கோலன் 50 கி.மீ. பாதையில் பெண்களுக்கான போட்டி நடந்தது. ராக்னில்ட் ஹாகா வென்றார். மார்கிட் நோர்டின் 90 கிலோமீட்டரை முடித்துச் சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெற்றி பெற்றவரின் பெயர் எப்படியும் வரலாற்றில் நிற்கும். எனக்கு அன்றைய முடிவுப் பட்டியலின் கடைசிப் பெயர்கள்மீதே அக்கறை. அவர்களுக்கும் ஓர் எண், ஒரு நேரம், ஒரு வரி இருக்கிறது. ஆண் வேடமிட்டு வாசலோப்பெட்டில் ஓடிய பெண்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.