ரூட் அனுமதியின்றி வலை வழங்கியை இயக்குதல்

ரூட் அனுமதியின்றி வலை வழங்கியை இயக்குதல் என்பது, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் சாதாரணப் பயனர் ஒருவர், வழக்கமான 80ஆம் துறைக்குப் பதிலாக 8000, 8080 போன்ற உயர் எண் கொண்ட துறையொன்றில் வலை வழங்கியை இயக்கும் முறையாகும். பலர் பகிரும் கணினிகளில், ரூட் எனப்படும் மேலாண்மைக் கணக்கு கிடைக்காதோர் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

துறை எண்கள்

ஒரு கணினியில் இயங்கும் பல சேவைகளை வேறுபடுத்த உதவும் எண்ணே துறை எண் அல்லது போர்ட் எண் எனப்படும். இது 16 பிட் நீளமுடையது. எனவே 0 முதல் 65535 வரையான மதிப்புகளைக் கொள்ளும். எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு 80-உம், மறையாக்கம் செய்யப்பட்ட எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறைக்கு 443-உம் ஒதுக்கப்பட்டுள்ளன. வேறு துறையில் இயங்கும் தளத்தை அடைய, முகவரியில் கணினிப் பெயரை அடுத்து முக்காற்புள்ளியிட்டுத் துறை எண்ணை எழுதவேண்டும்.

கட்டுப்பாட்டின் காரணம்

1024-க்குக் குறைந்த துறைகளைத் திறக்க ரூட் அனுமதி வேண்டும் என்னும் விதி 1980களில் பெர்க்லி யுனிக்சில் தோன்றியது. ஆர்லாகின் போன்ற சேவைகள், குறைந்த எண் துறையிலிருந்து வரும் இணைப்பை மேலாளர் அனுமதித்த நிரலின் இணைப்பாகக் கருதி, கடவுச்சொல் கேளாமலே ஏற்கக்கூடியவையாக இருந்தன. எவரும் தம் சொந்தக் கணினியில் ரூட் பயனராகலாம் என்ற நிலை வந்தபின் இந்நம்பிக்கை பொருளிழந்தது. ஆயினும் ஒரு பயன் எஞ்சியுள்ளது: அதே கணினியின் சாதாரணப் பயனர் எவரும் 80ஆம் துறையில் போலி வழங்கியை இயக்க இயலாது.

இயக்கும் முறை

அப்பாச்சி வழங்கியைப் பயனர் தமது கோப்புறையிலேயே நிறுவி, அமைவுக் கோப்பில் துறை எண்ணை 8080 என மாற்றலாம். பதிவுக் கோப்புகளும் அவர் எழுதத்தக்க இடத்தில் அமையவேண்டும். பைத்தான் 3 மொழியுடன் வரும் எளிய வழங்கி இயல்பாகவே 8000ஆம் துறையில் இயங்கும்; இது சோதனைக்கு மட்டுமே ஏற்றது.

இவ்வாறு இயங்கும் வழங்கிக்கு அப்பயனரின் உரிமைகள் மட்டுமே உண்டு. அதனை ஒருவர் ஊடுருவினால் கணினி முழுவதும் உடனே அவர் வசமாகாது. ஆனால் பயனரின் சொந்தக் கோப்புகள் வெளிப்படக்கூடும்.

இடர்களும் வரம்புகளும்

* வழங்கி நின்றுவிட்டால், அதே கணினியின் வேறொரு பயனர் அத்துறையைத் திறந்து, வருவோரின் கடவுச்சொற்களைக் கவரலாம்.
* குக்கிகள் துறை எண்ணால் பிரிக்கப்படுவதில்லை. ஒரு கணினியின் 80ஆம் துறையிலுள்ள தளம் அளித்த குக்கியை, அதே பெயரின் 8080ஆம் துறைக்கும் உலாவி பொதுவாக அனுப்பும்.
* நிறுவனங்களின் தீச்சுவர்கள் உயர் எண் துறைகளைத் தடுப்பதுண்டு.
* 6000, 6667 போன்ற சில துறைகளை முதன்மை உலாவிகள் பாதுகாப்புக் கருதித் திறக்க மறுக்கின்றன.
* லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் எச்.டி.டி.பி. வழிச் சரிபார்ப்பு 80ஆம் துறையிலேயே தொடங்கும். அத்துறை கிடைக்காதோர் டி.என்.எஸ். வழிச் சரிபார்ப்பைப் பயன்படுத்தலாம்.

மாற்று வழிகள்

மேலாளர் இசைந்தால், 80ஆம் துறையில் இயங்கும் பதிலி வழங்கி கோரிக்கைகளை 8080-க்குக் கடத்தலாம். லினக்சில், குறைந்த எண் துறையைத் திறக்கும் உரிமையை மட்டும் ஒரு நிரலுக்குத் தனியே வழங்கலாம். 2017இல் வெளியான லினக்ஸ் 4.11 பதிப்பிலிருந்து 1024 என்னும் எல்லையையே மேலாளர் மாற்ற முடிகிறது. 2018இல் வெளியான மாக் ஓஎஸ் மொகாவேயில், கணினியின் எல்லா முகவரிகளிலும் இணைப்பை ஏற்கும் நிரல்களுக்கு இவ்விதி தளர்த்தப்பட்டது. விண்டோசில் இத்தகைய எல்லை இல்லை.