டானி கோஸ்டர் வண்ணத்துப்பூச்சி

டானி கோஸ்டர் (அறிவியல் பெயர்: அக்ரேயா டெர்ப்சிகோரே) இந்தியாவிலும் இலங்கையிலும் சமவெளிகளில் பரவலாக வாழும் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி. ஃப்ரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிகள் அடங்கிய ஹெலிகோனினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் இதைப் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. வயல் வரப்பு, முள்வேலி, தரிசு, சாலையோரம் ஆகியவையே இதன் இருப்பிடம். நெடுங்காலம் தென்னாசியாவுக்கு உரியதாக மட்டுமே அறியப்பட்ட இவ்வினம், 1980களிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி 2012இல் ஆஸ்திரேலியாவை எட்டியது. இதன் வாழ்வுக்கும் பரவலுக்கும் அடிப்படையாக இருப்பவை, களை என்று நாம் பிடுங்கி எறியும் இரண்டு செடிகள்: ஓரிதழ்த்தாமரையும் சிறுபூனைக்காலியும்.

வகைப்பாடு

கார்ல் லின்னேயஸ் 1758இல் இதை விவரித்து, கிரேக்கப் புராணத்தில் நடனத்துக்குரிய தேவதையின் பெயரைச் சூட்டினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் வயோலே என்ற பெயரை அளித்தார். பழைய நூல்கள் பலவற்றில் அக்ரேயா வயோலே என்ற பெயரே காணப்படும். இன்று லின்னேயஸ் இட்ட பெயரே ஏற்கப்படுகிறது.

அக்ரேயா பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. முன்பு அவை தனித் துணைக்குடும்பமாகக் கருதப்பட்டன. இப்போது ஃப்ரிட்டிலரிகளுடன் ஒரே துணைக்குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. இந்த உறவு உணவிலும் தெரிகிறது. ஐரோப்பாவின் ஃப்ரிட்டிலரிகள் பலவற்றின் புழுக்கள் வயலெட் செடிகளைத் தின்று வளர்பவை. தமிழகச் சமவெளியில் வயலெட் குடும்பத்தின் பிரதிநிதியாக உள்ள சிறுசெடி ஓரிதழ்த்தாமரை. டானி கோஸ்டரின் தொன்மையான உணவும் அதுவே.

தோற்றம்

விரித்த இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 53 முதல் 64 மில்லிமீட்டர். மேற்புறம் செம்மஞ்சள், அதில் கரும்புள்ளிகள். பின்னிறக்கையின் விளிம்பில் கறுப்புப் பட்டை ஓட, அதற்குள் வெண்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். தலையும் மார்பும் கறுப்பு. அவற்றில் மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள் உண்டு. ஆணின் நிறம் பளிச்சென்றிருக்கும். பெண் சற்று மங்கல். தரைக்கு அருகில், அவசரமில்லாமல் இறக்கையடித்துப் பறக்கும். வெட்டுக்காயப் பூண்டு, உண்ணிச்செடி போன்ற எளிய பூக்களில் தேன் குடிக்கும்.

உணவுச் செடிகள்

ஓரிதழ்த்தாமரை மழைக்குப் பின் தரிசிலும் வரப்பிலும் முளைக்கும் சிறு செடி. பூவின் ஒரே ஒரு இதழ் மட்டும் பெரிதாக விரிந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். சித்த மருத்துவத்தில் முழுச் செடியும் மருந்தாகிறது.

சிறுபூனைக்காலி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இந்தியா முழுவதும் பரவிய கொடி. பேஷன் ஃப்ரூட் குடும்பத்தைச் சேர்ந்தது. வேலிகளில் படரும், பிசுபிசுப்பான வலைபோன்ற உறைக்குள் சிறிய பழம் காய்க்கும். இந்த வண்ணத்துப்பூச்சி தோன்றிய காலத்தில் இக்கொடி இங்கே கிடையாது. ஆனாலும் பெண் பூச்சி அதை ஏற்றுக்கொண்டு முட்டையிடத் தொடங்கியது. பயிரிடப்படும் பேஷன் ஃப்ரூட் கொடியிலும் இதன் புழுக்களைக் காணலாம்.

வாழ்க்கைச் சுழற்சி

முட்டை: பெண் பூச்சி இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகளை நெருக்கமாகக் கூட்டங்கூட்டமாக இடுகிறது. தனித்தனியே முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகளே அதிகம் என்பதால் இது கவனிக்கத்தக்க வேறுபாடு. ஒவ்வொரு முட்டையிலும் நீளவாக்கில் வரிகள் இருக்கும். சில நாள்களில் புழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவரும்.

புழு: இளம் புழுக்கள் கூட்டமாக இலையைச் சுரண்டித் தின்னும். வளர வளரப் பிரிந்து போகும். முதிர்ந்த புழு பளபளப்பான செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். உடல் நீளத்துக்கும் கிளைத்த முட்கள் வரிசையாக அமைந்திருக்கும். பார்ப்பதற்கு அச்சம் தந்தாலும், கம்பளிப்பூச்சியின் மயிர்போல அரிப்பு உண்டாக்கும் முட்கள் அல்ல இவை. பலமுறை தோலுரித்து வளர்ச்சியை முடிக்கும். ஒரு கூட்டம் சேர்ந்தால் சிறிய செடியில் இலையே மிஞ்சாது. அப்போது புழுக்கள் தரையில் ஊர்ந்து அடுத்த செடியைத் தேடும்.

கூட்டுப்புழு: முதிர்ந்த புழு தண்டிலோ, வேலிக் கம்பிலோ, சுவரிலோ வால்முனையைப் பட்டு நூலில் ஊன்றித் தலைகீழாகத் தொங்கும். கூட்டுப்புழு ஒல்லியாக, வெண்மை கலந்த நிறத்தில், கறுப்பும் செம்மஞ்சளுமான குறிகளோடு இருக்கும்.

முதிர்பூச்சி: முட்டையிலிருந்து இறக்கை விரிக்கும் வரையான மாற்றம் வெதுவெதுப்பான காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே ஆண்டுக்குப் பல தலைமுறைகள் தோன்றுகின்றன. இணைசேரும்போது ஆண் சுரக்கும் பொருள் பெண்ணின் வயிற்று நுனியில் இறுகி அடைப்பாக நின்றுவிடும். மற்றொரு ஆண் இணைசேர்வதை அது தடுக்கிறது.

தற்காப்பு

மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும் பூச்சி பறவைகளுக்கு எளிதான இரையாக வேண்டும். ஆனால் பறவைகள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பிடிபட்டால் இதன் மார்பிலிருந்து மஞ்சள் நிறத் திரவம் கசியும். அது குமட்டும் சுவையுடையது. அக்ரேயா இனங்களின் உடலில் லினமாரின் என்ற சேர்மம் உள்ளது. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னக்கூடாது என்பதற்குக் காரணமான அதே சேர்மம்தான் இது; சிதையும்போது சயனைடு வெளிப்படும். பேஷன் ஃப்ரூட் குடும்பச் செடிகளிலும் சயனைடு வெளியிடும் சேர்மங்கள் உண்டு. அந்த இலைகளைத் தின்று வளரும் திறனே இப்புழுக்களுக்குப் போட்டி குறைந்த உணவைத் தருகிறது. உடலும் உறுதியானது. ஒருமுறை கொத்துப்பட்டாலும் பிழைத்துப் பறந்துவிடும். நஞ்சை முன்கூட்டியே அறிவிக்கும் எச்சரிக்கையாகவே செம்மஞ்சளும் கறுப்புமான நிறம் அமைந்துள்ளது.

தோல் தொழில் பகுதியில்

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழில் முதலில் ஆவாரம்பட்டையை நம்பி வளர்ந்தது. ஆவாரை இப்பகுதியின் தரிசுகளில் இயல்பாக வளரும் செடி. பிற்காலத்தில் குரோமியப் பதனிடல் பெருகியபோது, உப்பும் வேதிப்பொருள்களும் நிறைந்த கழிவுநீர் நிலத்தடி நீரையும் வயல்களையும் கெடுத்தது. இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் வேரூன்றச் செய்த தீர்ப்பு அது.

மண்ணில் உப்பு ஏறினால் முதலில் நலிவது ஆழமாக வேர்விடாத சிறு செடிகள். உப்பைத் தாங்கும் சீமைக்கருவேல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் அடியில் பிற செடிகள் தழைப்பது அரிது. புழுப் பருவம் முழுவதையும் ஒரு சில செடி வகைகளில் மட்டுமே கழிக்கக்கூடிய பூச்சிக்கு இது நேரடி இழப்பு. தோல் கழிவைப் பற்றிய பேச்சு குடிநீரோடும் நெல்லோடும் நின்றுவிடக்கூடாது என்பதற்கு இந்த வண்ணத்துப்பூச்சியும் ஒரு காரணம்.

இதே துணைக்குடும்பத்தின் மற்றோர் இனமான காமன் லெப்பர்ட், ஏலகிரி, ஜவ்வாது மலைகளிலும் அவற்றைச் சுற்றிய புதர்க்காடுகளிலும் வளரும் சொத்தைக்களா மரத்தைச் சார்ந்தது. இந்தியன் ஃப்ரிட்டிலரி தமிழகத்தில் நீலகிரி, பழனி மலைகளின் உயரமான பகுதிகளுக்கு உரியது. தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இந்தத் துணைக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பரவல் வரலாறு

1980களில் தாய்லாந்திலும், 1990களில் மலேசியாவிலும், 2006இல் சிங்கப்பூரிலும் டானி கோஸ்டர் பதிவாயிற்று. பிறகு இந்தோனேசியத் தீவுகளைக் கடந்து 2012 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து குயின்ஸ்லாந்து வரை பரவியது.

காடுகள் அழிக்கப்பட்டுத் திறந்த வெளிகளும் சாலைகளும் பெருகியதும், அங்கெல்லாம் சிறுபூனைக்காலி படர்ந்ததும் இந்தப் பரவலுக்கு வழிவகுத்தன. அமெரிக்கக் கொடி ஆசியாவில் கால் ஊன்றியதால், தென்னாசிய வண்ணத்துப்பூச்சிக்குத் தொடர்ச்சியான உணவுப் பாதை கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் இது முட்டையிடும் முக்கியச் செடியோ, அந்நாட்டில் இயல்பாகவே வளரும் ஓரிதழ்த்தாமரை. வழியில் புதிய கொடியை உண்டு கடந்துசென்ற இனம், கடலுக்கு அப்பால் தன் பழைய உணவையே மீண்டும் அடைந்தது.

பாதுகாப்பு நிலை

டானி கோஸ்டர் அருகிவரும் இனம் அல்ல. ஆனால் ஓரிடத்தில் இது இருப்பதும் இல்லாமற்போவதும் அங்குள்ள உணவுச் செடிகளைப் பொறுத்தது. களைக்கொல்லி தெளித்த வரப்பிலும், புல்தரை விரித்த தொழிற்சாலை வளாகத்திலும் தேன்பூக்கள் இருந்தாலும் புழுவுக்கு உணவில்லை. வேலியோரத்துச் சிறுபூனைக்காலியை வெட்டாமல் விடுவதும், மருந்துக்கு ஓரிதழ்த்தாமரை பறிப்போர் விதை விழுந்தபின் பறிப்பதும் இவ்வினத்தைத் தக்கவைக்கப் போதுமான எளிய வழிகள். வேலூர், ஆம்பூர்ப் பள்ளி வளாகங்களின் ஒரு மூலையில் இவ்விரு செடிகளையும் வளரவிட்டால், முட்டை முதல் முதிர்பூச்சி வரையான முழு வாழ்க்கைச் சுழற்சியையும் மாணவர்கள் ஒரே பருவத்தில் நேரில் கற்கலாம்.