காளைக் கன்றுக்கு வேலையில்லாத தொழுவம்: ஓசூர் எல்லையில் பாலும் கொல்லாமையும்

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் கறவை மாடு ஈன்றதும் முதலில் எழும் கேள்வி, "கிடேரியா, காளையா?" என்பதுதான். கிடேரி என்றால் வீடு மகிழும். காளை என்றால், சீம்பால் காய்ச்சி முடிவதற்குள்ளேயே இதை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற பேச்சு வந்துவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் காளைக் கன்றுதான் செல்வம். அந்த நிலை எப்படித் தலைகீழானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இறைச்சியை மறுப்பவர் பாலை மட்டும் எப்படி ஏற்கலாம் என்று, பாலையும் மறுக்கும் வீகன் கொள்கையினர் கேட்கிறார்கள். அதற்கான விடையைத் தொழுவத்தின் வரலாற்றில்தான் தேட வேண்டும் என்பது என் துணிபு.

தமிழ் அற மரபு பாலைக் குற்றமாகக் கண்டதில்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விப் பசுவை மீட்டுக்கொண்டு போகிறான். துரத்திப் பிடித்தவர்களிடம் அவன் சொல்லும் நியாயம், பிறந்த நாள் முதல் இது நமக்குப் பால் தருகிறதே என்பது. அங்கே கொல்லாமைக்குக் காரணமாக நிற்பதே பால்தான். குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இன்னொரு கூர்மையான வாதத்தை வைக்கிறது. உண்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால், விலைக்கு ஊன் விற்பவர் இருக்கமாட்டார் என்கிறது அது. வாங்குபவன் கை கறைபடாதது போலத் தோன்றினாலும் பொறுப்பு அவனையும் சேரும். இந்த வாதத்தை வள்ளுவர் ஊனோடு நிறுத்திக்கொண்டார். பாலுக்கு அதைப் பொருத்திப் பார்க்கும் தேவை அவர் காலத்தில் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டமே சான்று தருகிறது.

இம்மாவட்டத்து நடுகற்களில் பல, தொறு மீட்கும் பூசலில் பட்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. தொறு என்றால் மாட்டு மந்தை. ஓர் ஊர் தன் ஆளை இழந்தும் மந்தையை மீட்டது என்றால், பாலும் எருவும் உழவும் சுமையும் அனைத்தும் அந்த மந்தைக்குள் அடங்கியிருந்தன என்றே பொருள். மைசூர் அரசின் அமிர்தமகால் மந்தையின் கதையும் இதையே சொல்கிறது. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் (1672–1704) அதன் பெயர் பெண்ணெ சாவடி. பெண்ணெ என்றால் கன்னடத்தில் வெண்ணெய். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தந்த அதே மந்தையின் காளைகள், திப்பு காலத்தில் பீரங்கி இழுத்தன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த மந்தையைக் கைப்பற்றியது. ஓசூர்ப் பகுதியும் அந்தப் போரோடுதான் கம்பெனி வசமானது. 1824-இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை அமைத்தார்கள். 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த இடம் இன்று அரசுக் கால்நடைப் பண்ணை. சுற்றுப்புற ஊர்களில் ஹள்ளிகர் மாடும், காவிரிக் காட்டோரம் ஆலம்பாடி மாடும் இருந்தன. இரண்டும் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனங்கள், பால் குறைவு. காளை பிறந்தால் ஏர் பூட்டலாம், ஜோடி சேர்த்து விற்கலாம். கன்று குடித்தது போக மிஞ்சியதே வீட்டுக்குப் பால்.

கிழ மாட்டின் முடிவும், செத்த மாட்டை இழுத்துச் செல்லும் வேலை எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது என்பதும் அன்றும் மறைக்கப்பட்ட பக்கங்களே. அதை மறந்துவிட்டுப் பழைய காலத்தைப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பிறந்த கன்று ஆண் என்பதற்காகவே வேண்டாததாகிவிடும் நிலை அன்று இல்லை.

அந்த நிலை வந்தது எந்திரத்தோடு. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின் ஓசூரின் முகம் மாறியது. 1980-இல் இங்கே டிவிஎஸ் 50 மொபெட் பிறந்தது. அசோக் லேலண்ட் ஆலை லாரி செய்யத் தொடங்கியதும் அந்த ஆண்டு வாக்கில்தான். காளையின் மேய்ச்சல் நிலத்துக்குப் பக்கத்திலேயே காளையின் வேலையைப் பறித்த வண்டிகள் உருவாயின. ஏரை டிராக்டர் எடுத்துக்கொண்டது. பால் கேனை மொபெட் சுமந்தது. இதே காலத்தில், 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் வேகத்தில், ஜெர்சியும் ஹோல்ஸ்டீன் பிரீசியனும் சினை ஊசி வழியாகத் தொழுவத்துக்குள் வந்தன. பெங்களூர் என்ற பெரிய வாய் அருகிலேயே இருந்தது. கலப்பினக் காளைக்குத் திமில் சரியாக எழாது, நுகத்தடி நிற்காது, வெயில் தாங்காது. உழவே நீடித்திருந்தாலும் அதற்கு வேலை இருந்திருக்காது.

கணக்கு இதை அப்படியே காட்டுகிறது. நாட்டில் மாடுகள் 2012-இல் 19.09 கோடி, 2019-இல் 19.25 கோடி. மொத்தம் ஏறத்தாழ மாறவே இல்லை. ஆனால் பசுக்கள் 12.3 கோடியிலிருந்து 14.5 கோடியாக உயர்ந்தன, ஆண் மாடுகள் 6.8 கோடியிலிருந்து 4.7 கோடியாகச் சரிந்தன. பிறப்பில் ஆணும் பெண்ணும் சரிபாதி. ஏறத்தாழ பத்துக் கோடி எண்ணிக்கை இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதைப் பால் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொழுவத்துக்குள் இது நடக்கும் விதம் எளிமையானது. இருபத்தைந்து கிலோக் கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் பால் வேண்டும். அந்த இரண்டரை லிட்டரும் பால் சொசைட்டியில் காசு. காளைக் கன்றை மடியில் ஒரு சுரப்புக்கு விட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். அது நாளுக்கு நாள் வற்றும். செத்துப்போனால், சில வீடுகளில் அதன் தோலில் வைக்கோல் திணித்து, நான்கு குச்சிக் கால்கள் வைத்துத் தாய் முன் நிறுத்துவது வழக்கமாக இருந்தது. பசு அந்தத் தோலை நக்கிக்கொண்டே மடி சுரக்கும். அந்தப் பாலும் சைவப் பால்தான், கோயில் அபிஷேகத்துக்கும் ஆகும். இதைச் செய்த விவசாயியைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பாலுக்கு நாம் கொடுத்த விலையில் அந்தக் கன்றின் தீனி சேர்க்கப்படவே இல்லை.

சட்டமும் இந்தக் கன்றைக் காக்கவில்லை, இடம் மாற்றியது. தமிழ்நாட்டின் 1958 சட்டம், பத்து வயது கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழோடு வெட்ட அனுமதிக்கிறது. 1976 அரசாணை பசுவையும் கிடேரியையும் வெட்டத் தடை செய்தது. அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி காளையையும் கன்றையும்கூட வெட்டக் கூடாது, பதின்மூன்று வயது கடந்த எருமைக்கு மட்டுமே விலக்கு. பால் வற்றிய மாட்டுக்கும் வேலையற்ற காளைக்கும் தீனி யார் போடுவது என்பதற்கு இரண்டு அரசுகளின் சட்டத்திலும் முழு விடை இல்லை. ஆகவே அவை அடிமாடாகச் சந்தைக்குப் போகின்றன, பழி மட்டும் லாரி ஓட்டுபவர் மீதும் இறைச்சிக் கடைக்காரர் மீதும் விழுகிறது. பால் குடித்தவர் அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

இவ்வட்டாரத்தில் காளைகளை ஓடவிடும் எருது விடும் விழாவையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு வகைப் போட்டிகளைத் தடுத்தது. 2017-இல் மாநிலம் சட்டம் திருத்தியது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. அதே ஆண்டு பிப்ரவரி 2-இல் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் விழா அனுமதி தாமதமானதற்காக மக்கள் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தார்கள். அப்போது நடந்த கல்லெறிதலை நியாயப்படுத்த முடியாது. மிரண்டு ஓடும் மாட்டின் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பறிக்கும்போது அதற்கு வரும் அச்சமும் உண்மை. ஆனால் விழாக் காளையை வளர்ப்பவர், வேறு எவருக்கும் தேவைப்படாத ஆண் மாட்டுக்குப் பல ஆண்டுகள் தீனி போடுகிறார். காலையில் பால் காபி குடித்துவிட்டு அவரை மட்டும் கொடுமைக்காரர் என்பதில் அறத்தின் ஒருமை குலைகிறது. எல்லா விலங்குப் பொருளையும் விட்ட வீகன் ஒருவருக்கு அதைச் சொல்லும் தகுதி உண்டு. அவர் வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிக்குச் சம்பந்தியான காந்தி இந்த முரணை உடலிலேயே பட்டறிந்தவர். கல்கத்தாவில் பால் கறக்க மாட்டுக்குச் செய்த 'பூக்கா' என்ற சித்திரவதை அவரை உலுக்கியது. 1912-இல் பாலை விட்டார். பின்னர் நோயில் கிடந்தபோது வெள்ளாட்டுப் பாலை ஏற்றார். விரதம் எடுத்தபோது மனத்தில் பசுவும் எருமையும் மட்டுமே இருந்தன என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிட்டேன் என்று தன் வரலாற்றில் வருந்தியிருக்கிறார். 'வீகன்' என்ற ஆங்கிலச் சொல் 1944-இல் பிறப்பதற்கு முப்பதாண்டுக்கு முன்பே பாலின் கேள்வி இந்தியர் ஒருவரின் மனத்தை வதைத்திருக்கிறது. இது மேற்கிலிருந்து இறக்குமதியான கேள்வி என்று தள்ளிவிடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்று பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தை அரசு மானியத்தில் தருகிறார்கள். காளைக் கன்று பட்டினி கிடந்து சாவதைவிட அது பிறக்காமலிருப்பது மேல் என்று ஒப்புக்கொள்ளலாம். பால் வற்றிய தாயின் கதை அதனால் மாறப்போவதில்லை. ஞாயிறு விடிகாலையில் போச்சம்பள்ளிச் சந்தையில் துண்டுக்குள் கை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறார் தரகர். அவர் பிடிக்கும் விரல் கணக்கில் மாட்டின் பல், எடை, தோல் எல்லாம் உண்டு. அது பத்து ஆண்டு கொடுத்த பால் மட்டும் இல்லை.