ஆரஞ்சு (வட சிலாங்கூர்)

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஆரஞ்சு வணிகப் பயிராக வேரூன்றவில்லை. அங்கே ரப்பரும் தென்னையும் செம்பனையுமே நிலத்தைப் பிடித்துக்கொண்டன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் இம்மாவட்டத்தில்தான் உருவானது.

மலேசியத் தாழ்நிலத்தில் விளையும் 'லீமாவ் மாடு' என்னும் தேன் ஆரஞ்சுக்குத் திரெங்கானு பெயர்பெற்றது. பழுத்தாலும் அதன் தோல் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். தோலின் பச்சையம் சிதைந்து செம்மஞ்சள் ஏறக் குளிர்ந்த இரவுகள் வேண்டும், அவை இங்கில்லை. ஆகவே நிறத்தைப் பார்த்து இனிப்பைக் கணிப்பது வீண்.

பயிரின் பெரும்பகை 'ஹுவாங்லோங்பிங்' எனப்படும் பசுமையாக்க நோய். சாறுறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் இந்தப் பாக்டீரியா நோய்க்கு மருந்தில்லை. நோயற்ற நாற்றும் பூச்சிக் கட்டுப்பாடுமே தற்காப்பு. 2005இல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட இந்நோய், அங்குள்ள தோப்புகளைச் சீரழித்தது. நோய் ஒருபுறமிருக்க, உலக ஆரஞ்சுச் சாறு ஏற்றுமதியில் முதலிடம் பிரேசிலுக்கு. அங்கே பிழிந்த சாற்றின் நீரை ஆவியாக்கிச் செறிவாக்கி, உறையவைத்துக் கப்பலேற்றுவார்கள்.

வட சிலாங்கூரில் ஆரஞ்சு என்றால் சீனப் புத்தாண்டுதான். சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கும் மாண்டரின் பழங்கள் அப்போது தமிழர் வீடுகளுக்கும் வந்து சேரும்.